இடது விலாவுக்குக் கீழே

"எங்க வலிக்குது? ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

நான் உள்ளங்கையை விரித்து இடது விலாவுக்குக் கீழே வைத்தேன்.

"கை வேண்டாம் சார், விரல்."

ஆள்காட்டி விரலை நீட்டினேன். அது முதலில் தொப்புளுக்கு மேலே போனது. அங்கிருந்து இடது பக்கம் நகர்ந்து விலா எலும்பின் விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் முதுகுப் பக்கம் போகப் பார்த்தது. அவர் சிரித்துவிட்டார். "சரி, கையையே வைங்க."

ஏன் சிரித்தார் என்று அப்புறம்தான் சொன்னார். தோலிலோ தசையிலோ எலும்பிலோ வலி என்றால் மனிதன் குறி தவறாமல் ஒரு விரலை வைத்துவிடுவானாம். இருமி இருமி விலாத் தசை பிடித்துக்கொண்டவன், அந்த இடத்தை அழுத்தினால் துள்ளுவான். உள்ளே இருக்கிற உறுப்புகளுக்கு அப்படி விலாசம் எழுதத் தெரியாது. இரைப்பை, கணையம், குடல் எல்லாம் ஏறக்குறைய ஒரே நரம்புப் பாதையில்தான் வலியை மேலே அனுப்புகின்றன. மூளை அதை வாங்கி 'மேல்வயிற்றில் எங்கேயோ' என்று பதிந்துகொள்கிறது. அதனால்தான் டாக்டர்கள் இடத்தைக் கேட்டதோடு விடுவதில்லை. சாப்பிட்டபின் கூடுகிறதா குறைகிறதா, முதுகுக்குப் போகிறதா தோளுக்கு ஏறுகிறதா, விட்டுவிட்டு வருகிறதா, படுத்தால் எப்படி, குனிந்தால் எப்படி என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். எனக்கு அந்தக் கேள்விகளில் பாதிக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வாரமாக என்னோடேயே இருந்த வலி, அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

எனக்கு வயது 51. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் டிடிபி கடை. கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், மரண அறிவிப்பு போஸ்டர். நாள் முழுக்க நாற்காலிதான், சாயங்காலமானால் இடுப்பு கடுக்கும். எதிர்த்தாற்போல் இருக்கிற மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்று வாங்கி, கையில் இருக்கிற சாயாவோடு முழுங்கிவிடுவேன். டாக்டர் சீட்டைக் கடைக்காரர் கேட்டதும் இல்லை, நான் காட்டியதும் இல்லை. சித்திரை, வைகாசியில் கொடை நோட்டீஸ் வேலை குவியும்போது ராத்திரி 1 மணி, 2 மணி ஆகும். அப்போது ஒரு மாத்திரை இரண்டாகும்.

வலி தொடங்கியது அந்த சீசன் முடிகிற சமயம். அம்மா ஓமத்திரவம் ஊற்றிக் கொடுத்தாள். "வாயு மக்களே, வேற ஒண்ணும் இல்ல கேட்டியா." அடுத்த வீட்டு மாமி இஞ்சியும் பூண்டும் தட்டிப் பிழிந்து அனுப்பினாள். கடைக்குப் பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் சோடாவில் எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடிக்கச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் கேஸ் மாத்திரை கிழித்துக் கொடுத்தார். மருந்து நாலு விதம், நோயின் பெயர் மட்டும் நாலு பேருக்கும் ஒன்று: வாயு.

வாயு என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. பெருங்குடல் வலது இடுப்பில் தொடங்கி, மேலே ஏறி, வயிற்றின் குறுக்கே போய், இடது விலாக்களுக்கு அடியில் சட்டென்று வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவு மண்ணீரலை ஒட்டி, குடலின் பாதையிலேயே உயரமான இடத்தில் இருக்கிறது. காற்று மேலே போகும், மூலையில் மாட்டிக்கொள்ளும். மதியம் பெரும்பயறு துவரனும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் ஒரு பிடி பிடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தால், சாயங்காலம் அந்த வளைவில் பலூன் ஊதியது போல் இருக்கும். சிலருக்கு நெஞ்சுவரை அடைக்கும். காற்றுப் பிரிந்ததும் வலி போய்விடும். இந்த மட்டில் அம்மா சொன்னது சரிதான். எங்கள் ஊரில் முட்டு வலியும் வாயு, தோள்பட்டை பிடிப்பும் வாயு, நெஞ்சு அடைப்பும் வாயு என்பதுதான் சிக்கல். பெயர் வைத்தாகிவிட்டது, மேற்கொண்டு யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

டாக்டர் முதலில் எழுதியது ஈசிஜி. வயிற்று வலிக்கு வந்தவன் நெஞ்சில் எதற்கு வயர் ஒட்டுகிறார்கள், பில் ஏற்றப் பார்க்கிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றியது. குளிர்ந்த பசையைத் தடவி ஒவ்வொரு குப்பியாக ஒட்டும்போது மாமா ஞாபகம் வந்தார். என் மனைவியின் தாய்மாமா, சர்க்கரை உள்ளவர். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மேல்வயிறு அழுத்துகிறது என்றார். சட்டை பிழிகிற அளவு வியர்வை. இரண்டு குப்பி சோடா குடித்தார். பெரிதாக ஏப்பம் விட்டு, "இப்ப கொள்ளாம்" என்று படுத்தார். விடியற்காலை எழுப்பினபோது உடம்பு ஜில்லென்று இருந்தது. இதைச் சொன்னதும் டாக்டர் தலையசைத்தார். இதயத்தின் அடிப்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத் தட்டான உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பகுதிக்கு ரத்தம் அடைபட்டால் வலி மேல்வயிற்று வலி போலவே வரலாம். சர்க்கரை உள்ளவர்கள், வயதானவர்கள், பெண்கள் என்றால் நெஞ்சு வலி என்று ஒன்று வராமலேயே போகலாம். ஏப்பம் விட்டதும் சுகமாக இருந்தது என்பதை வைத்து மாரடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது என்றார். வியர்வை, மூச்சுமுட்டல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், இதில் ஒன்று சேர்ந்தாலும் சோடாக் கடைக்குப் போகாமல் 108-ஐக் கூப்பிடச் சொன்னார். மாமாவுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

என் ஈசிஜி சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் வயிற்றின் பக்கம் வந்தார்.

இடது விலாவுக்கு அடியில் என்னென்ன இருக்கிறது என்று மேஜையில் கிடந்த ஒரு காகிதத்தின் பின்புறம் வரைந்து காட்டினார். நம் வீட்டுச் சாய்ப்பு அறை மாதிரி ஏகப்பட்டது அடைந்து கிடக்கிறது. முன்னால் இரைப்பை. அதற்குப் பின்னால் குறுக்கே கணையம், அதன் வால் நுனி இடது கோடியில் மண்ணீரலைத் தொடுகிறது. மண்ணீரல் 9, 10, 11-ஆம் விலாக்களுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. இன்னும் பின்னால் இடது சிறுநீரகம். குடலின் அந்த வளைவு. மேலே உதரவிதானம், அதற்கு அப்பால் நுரையீரலின் அடிப்பகுதி. நுரையீரலில் கீழே சளி கட்டி நிமோனியா ஆனாலும் வயிற்று வலி என்றுதான் சிலர் வருவார்களாம். அதில் மூச்சை இழுத்தால் குத்தும், காய்ச்சலும் இருமலும் கூட இருக்கும்.

மண்ணீரலைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு பாடம் உண்டு. சித்தப்பா மகன் அழகியமண்டபம் பக்கம் மழையில் பைக்கோடு சறுக்கி விழுந்தான். ஹாண்டில் பார் நுனி இடது விலாவில் குத்தியது. தோல் கொஞ்சம் சிராய்ந்ததே தவிர வேறு ஒன்றும் இல்லை. எழுந்து வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து கஞ்சியும் குடித்தான். மறுநாள் இடது தோள்பட்டை வலிக்கிறது என்றான். அடிபட்டது விலாவில், வலி தோளில். சுளுக்குதான் என்று முடிவு கட்டி, எங்கள் பக்கத்து வழக்கப்படி வர்ம ஆசானிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

ஆசான் தோளைத் தொட்டுப் பார்த்தார். கையை மேலே தூக்கச் சொன்னார், தூக்கினான். சுழற்றச் சொன்னார், சுழற்றினான். தோளில் ஒரு பிடிப்பும் இல்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். "எண்ணெய் போட்டுத் தடவுற கேஸ் இல்ல இது. வண்டியப் பிடிச்சு ஆசாரிப்பள்ளத்துக்கு விடுங்க. வழியில வெள்ளம்கூட குடுக்காதீங்க" என்றார். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் ஸ்கேன் எடுத்தபோது மண்ணீரலில் கீறல், சுற்றிலும் ரத்தம். அந்த ரத்தம் உதரவிதானத்தின் அடியில் தேங்கி உறுத்தும்போது, அதற்கும் தோளுக்கும் நரம்பு ஒரே இடத்திலிருந்து வருவதால் வலி இடது தோளில் தெரியுமாம். கெர் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் பெயரில் அந்த அறிகுறிக்குப் பெயரே இருக்கிறது. ஆசானுக்கு கெர்ரைத் தெரியாது. தோளில் நோய் இல்லாமல் தோள் வலிக்கிறது, ஆள் வெளுத்துக்கொண்டு போகிறான், நாடி ஓடுகிறது, அவருக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. அவனை ஐசியூவில் படுக்க வைத்து, ரத்தம் ஏற்றிக் கவனித்தே காப்பாற்றிவிட்டார்கள், மண்ணீரலை எடுக்க வேண்டி வரவில்லை. எடுத்திருந்தால் நியுமோகாக்கஸ் மாதிரி சில கிருமிகளுக்கு எதிராகத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

அடிபடாமலும் மண்ணீரல் வலிக்கும். மலேரியா, டைபாய்டு, கல்லீரல் சுருங்கிப்போவது, சில ரத்தப் புற்றுநோய்கள் எல்லாம் அதை வீங்கவைக்கும். நல்ல நிலையில் சுமார் 150 கிராம்தான், கைக்குத் தட்டுப்படாது. வீங்கினால் இரைப்பையை இடிக்கும். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்ததுபோல் இருக்கும். டாக்டர் என்னை மூச்சை இழுக்கச் சொல்லி விலாவுக்கு அடியில் விரல்களை நுழைத்துத் தேடியது அதைத்தான்.

கணையத்தைப் பற்றிச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும், ஏனென்றால் அதில் மரச்சீனி வருகிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராஜா மரச்சீனியைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது அதுதான் ஜனங்களைக் காப்பாற்றியது. 1956 நவம்பர் 1 வரை நாங்களும் திருவிதாங்கூர்தான், ஆகவே அந்தக் கிழங்கும் சாளைக் கறியும் எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் ஒல்லியான, குடிப்பழக்கமே இல்லாத இளம்பிள்ளைகளுக்குக் கணையத்தில் கல் கட்டி, தீராத வயிற்று வலியும் பிறகு சர்க்கரை நோயும் வருவதை டாக்டர் கீவர்கீஸ் 1960-களில் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் பார்த்துப் பதிவு செய்தார். மரச்சீனியில் சயனைடு தரும் பொருள் உண்டு, ஆகவே பழி அதன்மேல் விழுந்தது. ஆனால் மரச்சீனியே தின்னாத ஊர்களிலும் அந்த நோய் இருந்தது, மரச்சீனி கொடுத்து வளர்த்த எலிகளுக்கு அது வரவும் இல்லை. பிற்பாடு மரபணுக் கோளாறுகள் சிலவற்றோடு அதற்குத் தொடர்பு தெரிந்தது. எப்படியோ, அம்மா கிழங்கை அவித்து, ஒரு தடவை வெள்ளத்தை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் கறியாக்குவாள். அந்த நச்சு குறைவதும் அதனால்தான். காரணம் கேட்டால் "கசப்பு போகும்" என்பாள்.

இப்போது கணையம் திடீரென்று புண்பட்டு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் இரண்டே காரணம்: ஒன்று குடி, இன்னொன்று பித்தப்பைக் கல். வலது பக்கத்தில் இருக்கிற பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் கல் நழுவி, கணைய நீர் வெளியேறும் வாசலை அடைத்தால், வலி நடுவிலும் இடதிலும் எரிந்து முதுகைத் துளைக்கும். அந்த வலிக்காரனைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். மல்லாந்து படுக்கமாட்டான், முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வாந்தி நிற்காது. ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி மூன்று மடங்கு ஏறியிருக்கும். சிறுநீரகக் கல்காரன் நேர்மாறு. அவனால் ஒரு இடத்தில் இருக்கவே முடியாது, அலை அலையாக வரும் வலிக்கு நடந்துகொண்டே இருப்பான், வலி பக்கவாட்டில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும்.

இன்னொன்று உண்டு, அது உள்ளேயே இல்லை. மயினிக்கு இடது விலாவைச் சுற்றி ஒரு பட்டை மாதிரி எரிச்சல், சேலைத் தலைப்பு பட்டாலே துடித்தாள். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. நாலாம் நாள் அதே பட்டையில் கொப்புளம். அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து எழும்புவது. வேளாரிடம் காவி பூசி அக்கி எழுதப் போனார்கள், போகட்டும், அவர் ஒன்றும் கெடுதல் செய்யவில்லை. ஆனால் கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டிய மாத்திரை, அது வந்து ஐந்தாம் நாள்தான் தொடங்கியது. கொப்புளம் உதிர்ந்து எட்டு மாதமாகியும் அந்த இடத்தில் அவளுக்கு எரிச்சல் போகவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

"மலம் கறுப்பா போகுதா?" என்று டாக்டர் கேட்டார். பார்த்ததில்லை என்றேன். பார்க்கச் சொன்னார். தார் மாதிரி கறுத்து, பிசுபிசுத்து, ஒரு மாதிரி நாற்றத்தோடு இருந்தால் மேலே எங்கேயோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுப்பாகப் போகும், அதையும் கேட்டுக்கொண்டார். எனக்கு ஹீமோகுளோபின் 10.2 தான் இருந்தது. அப்புறம் மாத்திரைக் கதையைக் கேட்டார். நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு, ஆறு ஏழு வருடமாக என்று சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இரைப்பைக்குள் சுரக்கிற அமிலம் இரைப்பையையே அரிக்காமல் இருப்பதற்கு ஒரு சளிப்படலம் பூச்சுப்போல் காவல் இருக்கிறது. அந்தப் பூச்சைச் சுரக்கச் சொல்வது புரோஸ்டாகிளாண்டின் என்கிற ஒரு பொருள். இடுப்பு வலியைக் கிளப்புவதும் அதே குடும்பம்தான். டைக்ளோஃபெனாக் இரண்டையும் சேர்த்து நிறுத்துகிறது. இடுப்பு சுகப்படும், இரைப்பை பூச்சு உதிர்ந்த சுவராகும்.

எண்டோஸ்கோபிக்கு முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்ப்ரே அடித்தார்கள், நாக்கு கட்டையாகிவிட்டது. இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல் நடுவே ஒரு வளையத்தைக் கொடுத்து, கறுப்புக் குழாயை உள்ளே விட்டார்கள். ஓங்கரித்தது, கண்ணில் வெள்ளம் வழிந்தது, ஆனால் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. திரையில் என் இரைப்பையைப் பார்த்தேன். ஈரமான ரோஜா நிறத்தில் மடிப்பு மடிப்பாக, அங்கங்கே மணல் தேய்த்த மாதிரி சிவந்த சிராய்ப்புகள். உள்ளிருந்து அரிசிக் குருணையளவு ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, சின்ன டப்பியில் இருந்த மஞ்சள் ஜெல்லியில் வைத்தார் நர்ஸ். நான் வாய் கழுவிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் டப்பியைக் கொண்டுவந்து காட்டினார். துணுக்கைச் சுற்றி மஞ்சள், செம்பருத்தி பிழிந்த மாதிரி சிவந்திருந்தது. "பூச்சி இருக்கு சார்."

பூச்சி என்றால் ஹெலிகோபாக்டர் பைலோரி. அமிலத்திலேயே குடித்தனம் நடத்துகிற பாக்டீரியா. அது யூரியாவை உடைத்து அமோனியாவாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தைக் குறைத்துக்கொள்கிறது, ஜெல்லி சிவந்ததும் அதனால்தான். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் கிருமி வாழுமா என்று யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நெய்யூர் ஞாபகம் வந்தது, தக்கலையிலிருந்து கூப்பிடு தூரம். 1922-இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த ஹோவர்டு சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்து, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-இல் மறுபடி போய் ஆக்ஸிஜன் இல்லாமல் எட்டாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறியவர், திரும்பி வந்து இங்கே இருபது வருடத்துக்கு மேல் வயிறு வயிறாக அறுத்தார். தென் திருவிதாங்கூரில் முன்சிறுகுடல் புண் அவ்வளவு இருந்தது. இரைப்பையைக் கீழே உள்ள சிறுகுடலோடு நேராக இணைத்துத் தைப்பதுதான் அன்றைக்கு வைத்தியம். காரம், பட்டினி, கவலை என்று காரணம் சொன்னார்கள். ஜெல்லியில் சிவந்தது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எங்கள் பாட்டாவின் வயிற்றில் நடுவாக ஒரு நீள வடு இருந்தது. குளத்தில் குளிக்கும்போது கேட்டால், "நெய்யூர் துரை ஆஸ்பத்திரியில வச்சது" என்பார், மெடல் மாதிரி.

அவருக்குக் கத்தி, எனக்கு மாத்திரை. 14 நாள், இரண்டு ஆன்டிபயாடிக், கூடவே அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல். வாயில் எப்போதும் தகரத்தை நக்கின மாதிரி ஒரு ருசி, மட்டிப்பழம்கூடக் கசந்தது. எட்டாம் நாள் வலி நின்றுவிட்டதால் நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். மனைவி விடவில்லை. பாதியில் விட்டால் மிச்சம் இருக்கிற கிருமிக்கு அந்த மருந்து அப்புறம் எடுபடாது என்று டாக்டர் சொன்னதைக் காலண்டரில் எழுதி வைத்திருந்தாள். இடுப்புக்கு இப்போது மாத்திரை இல்லை. மணிக்கு ஒரு தடவை எழுந்து தெருமுனைவரை நடக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் நான் எங்கே போனேன் என்று பக்கத்துக் கடையில் விசாரிக்கிறார்கள்.

பூச்சி போய்விட்டதா என்று பார்க்க வருகிற திங்கட்கிழமை மலப் பரிசோதனை. ஆன்டிபயாடிக் முடிந்து நாலு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், பான்டோபிரசோலை இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். நிறுத்தி ஒன்பது நாளாகிறது. நேற்று ராத்திரியிலிருந்து லேசாக எரிகிறது. அம்மா ஓமத்திரவக் குப்பியோடு வந்து நின்றாள்.

"சாப்பிடதுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டாள்.

முந்தி என்றேன்.

"அப்ப வாயுதான்" என்று குப்பியைத் திறந்தாள்.